விருந்தாளியின் கடன்

விருந்தோம்பலைப் பற்றிப் பேசாத மேடை நம்மிடம் இல்லை. வந்தவரை எப்படி முகமலர்ந்து வரவேற்பது, உள்ளதில் நல்லதை எப்படி முன்வைப்பது, வாசல்வரை சென்று எப்படி வழியனுப்புவது என்பனவெல்லாம் பிள்ளைப் பருவத்திலேயே நமக்கு ஓதிக்கொடுக்கப்பட்டவை. முன்பின் அறியாத விருந்தினருக்காக இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்து வைத்த வரலாற்றைக் கேட்டு வளராத முஸ்லிம் பிள்ளை யார்? ஆனால் இந்தப் பேச்செல்லாம் வீட்டுக்காரனை நோக்கியே செல்கிறது. வந்தவனுக்கு என்ன கடமை உண்டு? உண்பதும், பாராட்டுவதும், துஆ ஓதிவிட்டுப் புறப்படுவதும் மட்டும்தானா? இந்தக் கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை.

பல்லாயிரம் கல் தொலைவில் உள்ள ஒரு தீவைப் பற்றிப் படிக்கும்போதுதான் இது என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே நான் சென்றதில்லை. இனிச் செல்லும் வாய்ப்பும் இல்லை. ஆனால் அங்கே சென்றவர்களின் வரலாறு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகப் பதிவாகியிருக்கிறது. விருந்தாளி என்பவன் யார் என்று ஆராய விரும்புகிறவனுக்கு அதைவிடத் தெளிவான இடம் உலகில் அரிதாகவே கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே, நியூகினி தொடங்கி ஃபிஜி வரை பரந்து கிடக்கும் தீவுக் கூட்டங்களுக்கு மெலனேசியா என்று பெயர். அதில் ஒரு நாடு சாலமன் தீவுகள். அந்நாட்டின் தென்கிழக்கு ஓரத்தில், மற்றத் தீவுகளிலிருந்து விலகித் தனித்துக் கிடக்கிறது டிக்கோப்பியா. மெலனேசியக் கடலில் இருந்தாலும் அங்கு வாழ்வோர் பேசுவது பாலினீசிய மொழி. தீவின் மொத்தப் பரப்பு சுமார் 5 சதுர கிலோமீட்டர். பழைய எரிமலை ஒன்றின் வாய் இன்று தே ரோட்டோ என்னும் ஏரியாக இருக்கிறது; அதன் ஓரத்தில் ரியானி என்னும் மலை எழுந்து நிற்கிறது. வாழ்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். விமான நிலையம் கிடையாது. கப்பல் எப்போதாவது வரும். நான்கு குலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் 'அரிக்கி', அதாவது தலைவர். காஃபிக்கா, தாஃபுவா, தௌமாக்கோ, ஃபங்காரேரே என்பன அந்தக் குலங்களின் பெயர்கள்.

மனிதர்கள் அங்கே குடியேறி ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு சிறிய நிலத்தில் இவ்வளவு நீண்ட காலம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதே அறிஞர்களை ஈர்த்த வியப்பு. தீவு முழுவதும் ஒரே தோட்டம்போல் இருக்குமாம். மேலே தென்னையும் ஈரப்பலாவும், அதன் நிழலில் வாழை, அதற்கும் கீழே சேப்பங்கிழங்கு. வீணாகக் கிடக்கும் மண் என்று எதுவும் இல்லை. ஈரப்பலாவைக் குழியில் புதைத்துப் புளிக்கவைத்து 'மாசி' என்று ஒரு பண்டம் செய்கிறார்கள். (நம் கடற்கரையூர்களில் மாசி என்றால் உலர்த்திய சூரை மீன், பெயரளவில்தான் ஒற்றுமை.) அந்தக் குழி உணவு ஆண்டுக்கணக்கில் கெடாது. புயல் வந்து மரமெல்லாம் சாய்ந்தாலும் மண்ணுக்குள் இருப்பது இருக்கும்.

1970களின் பிற்பகுதியில் பாட்ரிக் கிர்ச், டக்ளஸ் யென் என்னும் இருவர் அங்கே அகழாய்வு செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த செய்திகளில் ஒன்று விசித்திரமானது. சுமார் 1600ஆம் ஆண்டளவில் தீவு மக்கள் தாங்கள் வளர்த்த பன்றிகள் அனைத்தையும் ஒழித்துவிட்டார்கள். பன்றி என்றதும் நம் வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அவர்களுக்கு அது மார்க்கம் விலக்கிய பிராணி அன்று. பசிபிக் தீவுகள் பலவற்றில் செல்வத்துக்கும் சிறப்புக்கும் அடையாளமே அதுதான். இருந்தும் ஒழித்தார்கள். ஏனென்றால் அது தோட்டத்தைக் கிளறியது. மனிதன் உண்ணக்கூடியதைத் தானும் உண்டது. கணக்குப் பார்த்தார்கள், கட்டவில்லை, கைவிட்டார்கள். பெருமையின் அடையாளத்தையே வாய் என்ற ஒரே காரணத்துக்காகத் துறந்த மக்கள் அவர்கள்.

இப்படி ஒவ்வொரு வாயையும் எண்ணி வாழும் ஊருக்கு ஒருவன் விருந்தாளியாகப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் யாராயிருந்தாலும், எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும், முதலில் அவன் ஒரு வாய். பிறகுதான் மற்றதெல்லாம்.

1813ஆம் ஆண்டு அப்படி மூன்று வாய்கள் அத்தீவில் வந்து இறங்கின. ஃபிஜியில் நடந்த ஒரு மோதலில் உயிர் தப்பியவர்கள். திரும்பிச் சென்றால் கொல்லப்படுவோம் என்று அஞ்சி, வழியில் எங்காவது இறக்கிவிடுமாறு கப்பல்காரர்களைக் கேட்டுக்கொண்டவர்கள். ஒருவர் மார்ட்டின் புஷார்ட் என்னும் பிரஷ்ய நாட்டார். இரண்டாமவர் அவருடைய மனைவி, ஃபிஜிப் பெண். மூன்றாமவர் ஒரு லஸ்கர். கப்பல்காரர்கள் அவரை ஜோ என்று அழைத்தார்கள். லஸ்கர் என்பது பாரசீகத்து 'லஷ்கர்'. அரபியில் 'அஸ்கர்' என்று நாம் ஓதுவதும் அதற்கு உறவான சொல்லே. படை என்று பொருள்பட்டது, காலப்போக்கில் ஐரோப்பியக் கப்பல்களில் கூலிக்கு உழைத்த நம் பக்கத்து மாலுமிகளின் பெயராயிற்று. அந்த மனிதரின் மதத்தையோ ஊரையோ வைத்து உரிமை கொண்டாட நான் இதை எழுதவில்லை. தாய்நாட்டிலிருந்து அவ்வளவு தொலைவில், மொழி தெரியாத மணலில், கையில் ஒன்றுமில்லாமல் நின்ற ஒரு கூலியாளை அந்தத் தீவு ஏற்றுக்கொண்டது என்பதற்காகவே எழுதுகிறேன்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1826இல், பீட்டர் டில்லன் என்ற கப்பல் தலைவர் அவ்வழியே வந்தார். 1813இல் அவர்களை இறக்கிவிட்ட கப்பலில் இருந்தவர்தான் அவரும். மூவரும் உயிரோடு இருப்பார்களோ என்று கப்பலை நிறுத்தினார், இருந்தார்கள். லஸ்கரிடமிருந்து, வாளின் கைப்பிடியோடு சேர்ந்த வெள்ளிக் காப்பு ஒன்று சில தூண்டில் முட்களுக்கு விலையாகக் கப்பலுக்கு வந்தது. அதை ஆராய்ந்தபோதுதான், நாற்பது ஆண்டுகளாக ஐரோப்பா தேடிக்கொண்டிருந்த ஒரு புதிருக்கு விடை கிடைத்தது. 1788இல் மறைந்துபோன லா பெரூஸ் என்னும் பிரெஞ்சுக் கடலோடியின் கப்பல்கள் அருகிலுள்ள வனிக்கோரோத் தீவில் உடைந்திருக்கின்றன! டில்லனுக்குப் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் பட்டமும் ஆண்டுத் தொகையும் வழங்கினார். லஸ்கருக்குத் தூண்டில் முள் கிடைத்தது.

அதைச் சொல்லி வருந்துவதில் எனக்கு நாட்டமில்லை. என்னை நிறுத்தியது வேறு. தம்மோடு வந்துவிடுமாறு டில்லன் அழைத்தபோது புஷார்ட் புறப்பட்டார், லஸ்கர் மறுத்துவிட்டார். அவர் அங்கே மணமுடித்துக் குடும்பத்தோடு இருந்தார். பதின்மூன்று ஆண்டுகளில் அவர் விருந்தாளி என்னும் நிலையிலிருந்து விலகிவிட்டிருந்தார். அவருடைய வாய்க்கு ஈடாக அவருடைய இரு கைகளும் அத்தீவின் மண்ணிலும் கடலிலும் இயங்கிக்கொண்டிருந்தன. வாய் மட்டும் கொண்டுவந்தவன் விருந்தாளி என்றால், கையையும் சேர்த்துக் கொடுத்தவனை என்ன பெயரிட்டு அழைப்பது?

இனி நூறாண்டு தாண்டி வருவோம். 1928இல் ரேமண்ட் ஃபர்த் என்னும் நியூஸிலாந்து இளைஞர் மிஷன் கப்பலில் டிக்கோப்பியாவுக்கு வந்தார். மானிடவியல் படித்தவர், வயது இருபத்தேழு. ஓராண்டு தங்கினார், மொழியைக் கற்றார், வீடு வீடாகச் சென்று உறவுமுறைகளையும் நிலங்களையும் சடங்குகளையும் குறித்துக்கொண்டார். அத்தீவைப் பற்றி 1936இல் வெளிவந்த அவருடைய முதல் பெருநூல் இன்றும் அத்துறையில் கற்பிக்கப்படுகிறது. தீவில் பாதி அப்போது கிறிஸ்தவமாகியிருந்தது. மறுபாதி பழைய வழிபாட்டில் இருந்தது. வந்தவருக்கு எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்று தலைவர்கள் எவ்வளவு யோசித்திருப்பார்கள்!

ஃபர்த் மீண்டும் 1952இல், ஜேம்ஸ் ஸ்பிலியஸ் என்பவரோடு சென்றார். அவ்வாண்டு ஜனவரியில் பெரும்புயல் தீவைச் சுருட்டிப்போட்டிருந்தது. 1953 மார்ச்சில் மற்றொரு புயல். இடையில் பஞ்சம். அந்த நாட்களைப் பற்றி அவர் பதிந்த ஒரு செய்தியைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பசி முற்றிய நிலையிலும் உபசாரத்தின் வெளி வடிவம் கெடவில்லையாம். வந்தவரை அழைப்பதும், அமர்த்துவதும், பேசுவதும் எப்போதும்போல் இருந்தன. உணவு மட்டும் வரவில்லை. சமைத்ததை மறைத்துவைத்தார்கள், சிலர் பெட்டியில் வைத்துப் பூட்டவும் செய்தார்கள். வீட்டில் உணவு இருக்கும்போது ஒருவர் காவலுக்கு இருந்தார். அந்தக் காவல் முன்பின் தெரியாத திருடனுக்காக மட்டும் அன்று. மற்ற நாளில் உரிமையோடு உள்ளே வந்து எடுத்துண்ணும் சொந்தக்காரர்களுக்காக!

அந்தப் பெட்டியின் பூட்டுக்கு யார் பொறுப்பு? வீட்டுக்காரன் கஞ்சனாகிவிட்டான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விருந்தின் உரிமைக்கு மூன்று நாள் எல்லை வகுத்ததும், அதற்கு மேற்பட்டது தருமக் கணக்கில் சேரும் என்று சொன்னதும் எல்லோரும் அறிந்தவை. முஸ்லிம் தொகுப்பில் அந்த ஹதீதுக்கு மேலும் ஒரு பகுதி வருகிறது. அதை நாம் அதிகம் ஓதிக்காட்டுவதில்லை. வீட்டுக்காரனைப் பாவத்தில் தள்ளுமளவுக்கு விருந்தாளி தங்கியிருத்தல் ஆகாது என்பது அதன் கருத்து. எப்படிப் பாவத்தில் தள்ளுவது என்று தோழர்கள் வினவ, கொடுக்க ஒன்றுமில்லாதவனிடம் போய்த் தங்கியிருப்பதே அது என்று விளக்கம் கிடைக்கிறது. அப்படித் தங்குபவனைப் பற்றி வீட்டுக்காரன் புறம் பேசவோ, தகாத எண்ணம் கொள்ளவோ நேரும் என்று இமாம் நவவி (ரஹ்) உரை கூறுகிறார்கள். என்ன நுட்பம் பாருங்கள்! பாவம் செய்பவன் வீட்டுக்காரன். அதற்கு வழிவகுத்தவன் விருந்தாளி. பூட்டியவன் கை ஒன்று, பூட்டவைத்த கால் வேறொன்று.

இதை நான் கிதாபில் மட்டும் படித்தவனல்லன். முப்பது ஆண்டுகளுக்கு முன், மதரஸாவில் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில், ஒரு மாணவனின் அழைப்பின்பேரில் கடற்கரை ஊர் ஒன்றில் அவன் வீட்டுக்குச் சென்றேன். இரண்டு நாள் என்று சென்றவன் நான்கு நாள் இருந்தேன். ஒவ்வொரு நாளும் “இன்னும் ஒருநாள் இருந்துட்டுப் போங்க ஹஜ்ரத்” என்றார்கள். நானும் அதை நம்பினேன். கோழி ஆணம், இடியாப்பம், மீன் என்று குறைவில்லாமல் வந்தது. நான்காம் நாள் லுஹருக்கு ஒளுச் செய்துகொண்டிருந்தபோது அடுப்பங்கரையிலிருந்து அந்த வீட்டுச் சிறுமியின் குரல் கேட்டது: “இருந்த ரெண்டு கோழியும் முடிஞ்சிருச்சே உம்மா, ஹஜ்ரத் நாளைக்கும் இருப்பாகளா?” தாய் அவள் வாயைப் பொத்தியிருக்க வேண்டும், பேச்சு பாதியில் நின்றது. முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகள் அவை. அன்று அஸருக்குப் பேருந்து ஏறிவிட்டேன். அவர்களை எவ்வளவு பெரிய சங்கடத்தில் வைத்திருந்தேன் என்பது அந்தக் குழந்தை சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆலிம் பட்டம் பெற்றபோது அந்த ஹதீதை அறிவிப்பாளர் வரிசையோடு ஒப்பித்தவன் நான்.

ஃபர்த்தின் பக்கம் திரும்புவோம். அவரும் ஸ்பிலியஸும் பஞ்சத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. ஸ்பிலியஸ் தொடர்ந்து தங்கி, நிவாரணம் கொண்டுவரும் வேலையிலும் தீவுத் தலைவர்களுக்கும் அரசுக்கும் இடையே பேசும் வேலையிலும் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார். ஆராய்ச்சியாளன் நடுநிலையில் நிற்க வேண்டும், நிகழ்வில் கைவைக்கலாகாது என்று சொல்லும் ஒரு கொள்கை அவர்கள் துறையில் உண்டு. பசித்தவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டு நடுநிலை பேசுவது அறிவு அன்று, நன்றிகெட்டதனம் என்றே எனக்குப் படுகிறது.

அவர் எடுத்துச் சென்ற அறிவைப் பற்றி என்ன சொல்வது? சோறு உண்டவன் சோற்றைத்தான் குறைக்கிறான். செய்தி கேட்டவன் எதையும் குறைப்பதில்லை என்று தோன்றலாம். அப்படி இல்லை. ஒருவருடைய வழிபாட்டையும் குடும்ப இரகசியத்தையும் புத்தகமாக்கி அவர்கள் படிக்க முடியாத மொழியில் விற்பது ஒருவகை எடுப்புத்தான். ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1955இல் வந்த கொள்ளைநோயில் பழைய வழிபாட்டைப் பேணியவர்களில் பலர் மாண்டனர். அதன்பின் எஞ்சியவர்களும் கிறிஸ்தவத்தை ஏற்க, அந்தச் சடங்குகள் அறவே நின்றுபோயின. இன்று டிக்கோப்பியாவின் பிள்ளை ஒருவன் தன் முப்பாட்டன் என்ன செய்தான் என்று அறிய விரும்பினால் அந்த விருந்தாளியின் நூலைத்தான் திறந்தாக வேண்டும். எடுத்துச் சென்றது வைப்புப் பொருளாக, அமானிதமாக, மாறிவிட்டது. அமானிதம் என்றால் திருப்பிக் கொடுக்கும் நாள் ஒன்று இருக்க வேண்டும் என்பதை அறிஞர்கள் நினைவில் கொள்வது நல்லது.

இந்த வகையில் நம் முன்னோரில் ஒருவரை எண்ணிப் பெருமைப்படலாம். சுமார் 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பிரூனி, தாம் ஒப்பாத கொள்கைகளையும் அவற்றை உடையவர்கள் சொல்லும்படியே எடுத்துவைத்தார். மறுத்துப் பேச அல்ல, உள்ளபடி அறியவே எழுதுகிறேன் என்பது அவர் மேற்கொண்ட உறுதி. அந்நாட்டில் நுழைந்த படையோடு தொடர்புடையவராய் இருந்தும், அப்படையின் கண்ணால் அவர் பார்க்கவில்லை.

ஆனால் உள்ளபடி அறிந்துகொண்டு வாய்மூடி இருப்பதுதான் விருந்தாளியின் இறுதிக் கடமையா? இங்கேதான் முடிச்சு இறுகுகிறது. இதைத் தாண்டிப் போனால் என் எழுத்து நேர்மையற்றதாகிவிடும்.

வாய்களை எண்ணிய அந்தத் தீவு, பன்றிகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இளைய ஆண்மக்களில் பலர் மணமுடிக்காமலே இருந்தனர். ஓடத்தில் ஏறித் திரும்பி வராத கடற்பயணம் புறப்பட்ட இளைஞர்கள் உண்டு. குடும்பங்கள் பெருகலாகாது என்று சடங்கின்போது தலைவர் பெயரால் அறிவிக்கப்படுவதும் உண்டு. அதோடு, பிறந்த சிசுவைக் குப்புறக் கிடத்தி மூச்சடக்கிவிடும் வழக்கமும் இருந்தது. ஃபர்த் இதையெல்லாம் பதிந்தார். அவருடைய மனச்சாய்வு, ஒரு சமூகம் தன் நிலத்துக்கு ஏற்பத் தன்னை அளந்துகொள்ளக் கண்ட ஏற்பாட்டை வெளியார் குலைக்கிறார்களே என்பதாகவே இருந்தது.

அந்த இடத்தில் என்னால் அவரோடு நடக்க முடியவில்லை. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்வதைத் திருமறை எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் தருமம் மாறும், அவரவர் வழக்கம் அவரவருக்கு என்று சொல்லிவிட்டால் எழுத்து எளிதாகிவிடும். ஆனால் அந்தச் சிசுவுக்கு எந்த ஊர்? அது இன்னும் டிக்கோப்பியக் குழந்தைகூட ஆகவில்லை. மனிதக் குழந்தை மட்டுமே.

இருந்தாலும் கதை அங்கே முடியவில்லை. மிஷனும் அரசும் பழைய வழக்கங்களைத் தடுத்தன. சரியான தடைதான். 1929இல் சுமார் 1,300 பேர் இருந்த தீவில் 1952இல் ஏறக்குறைய 1,750 பேர் இருந்தனர். அதே 5 சதுர கிலோமீட்டர். அதன்மேல் இரண்டு புயல்கள். பெட்டிகள் பூட்டப்பட்டன.

“உனக்கும் உன் பிள்ளைக்கும் உணவளிப்பவன் இறைவன்” என்று நாம் ஒருவரிடம் சொல்லும்போது என்ன செய்கிறோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? அது உண்மை, ஈமானின் பகுதி. ஆனால் இறைவனின் ரிஸ்க் வானத்திலிருந்து தட்டில் விழுவதில்லை, யாரோ ஒருவர் கை வழியாக வருகிறது. அந்த வாக்கைச் சொன்னவன் தன் கையை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டால், அவன் வாக்கு அந்தத் தாயின் காதில் எப்படி ஒலிக்கும்? கொல்லாதே என்று சொல்ல விருந்தாளிக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்ன கணத்திலிருந்து, பிழைத்த அந்தக் குழந்தையின் சோற்றில் அவனுக்கும் பங்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. கட்டளை மட்டும் இறக்கிவிட்டுக் கப்பலேறுவது முடியாது. அரசு பின்னர் வேறு பெரிய தீவுகளில் டிக்கோப்பியர்களைக் குடியேற்றியது. மக்கிராவிலும் ரஸ்ஸல் தீவுகளிலும் அவர்களுடைய குடியிருப்புகள் உண்டாயின. அது தாமதமாக வந்த பொறுப்பு. வந்ததே என்று ஏற்றுக்கொள்ளலாம். பேங்க்ஸ் தீவுகளிலிருந்து மிஷன் ஆசிரியராக வந்து, அங்கேயே பெண்ணெடுத்து, அவர்கள் உண்டதை உண்டு பல்லாண்டு வாழ்ந்த ஒருவரைப் பற்றியும் ஃபர்த் எழுதுகிறார். அவர் போதித்த சமயம் எனக்கு உடன்பாடானது அன்று. எனினும், அவர் சொல்லுக்குப் பின்னால் அவருடைய அடுப்பு எரிந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

நம்மவர்களும் இதில் சறுக்கியதுண்டு. இப்னு பதூதா 1343இல் மாலத்தீவுக்குச் சென்றபோது அவரைக் காழியாக அமர்த்தினார்கள். மேலாடையின்றி நடந்த அவ்வூர்ப் பெண்களை உடல் மறைக்கச் செய்ய முயன்றதாகவும், அது தம்மால் ஆகவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அவர் சொன்ன சட்டம் சரியானதே. ஆனால் அவர் சிறிது காலமே இருந்தார், பெரிய குடும்பங்களில் பல மணம் செய்தார், பகை முற்றியதும் புறப்பட்டார். எந்த ஊரிலும் நிலைக்காத ஒரு பயணியின் கண்டிப்பை அந்தப் பெண்கள் ஏன் பொருட்படுத்த வேண்டும்? சட்டத்தில் குறையில்லை. சொன்னவர் அந்த ஊர் மண்ணில் வேர் விடவில்லை.

விருந்தாளி கொண்டுவரும் மற்றொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோய். 1875இல் ஃபிஜித் தலைவர் தக்கொம்பாவ் ஆஸ்திரேலியாவுக்கு விருந்தினராகச் சென்று ஆங்கிலக் கப்பலில் திரும்பியபோது கூடவே மணல்வாரி அம்மையும் இறங்கியது. சுமார் 40,000 பேர் இறந்தனர் என்பர். யாரும் தீங்கு நினைக்கவில்லை. நினைக்காததால் குறைந்ததும் இல்லை.

2002 டிசம்பர் 28ஆம் நாள் ஜோயி என்னும் பெரும்புயல் டிக்கோப்பியாவின் மேலேயே வந்து நின்றது. தீவோடு எந்தத் தொடர்பும் இல்லை. எல்லோரும் மாண்டிருப்பார்கள் என்றே வெளியுலகம் அஞ்சியது. தலைநகர் ஹோனியாராவிலிருந்து நிவாரணப் படகு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. அதற்கு முன்பே ஹெலிகாப்டரில் ஒருவர் வந்து இறங்கினார். அவர் கையில் இருந்தது கேமரா. அவர் சென்றதால்தான் அவர்கள் உயிரோடிருப்பது உலகுக்குத் தெரிந்தது, அதில் ஐயமில்லை. ஆனாலும் அந்தக் காட்சியை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. வீடில்லை, இலையில்லை, எல்லாம் சேறு. வானத்திலிருந்து ஒருவன் இறங்குகிறான். அவனை உட்காரவைக்கப் பாய் கூட இல்லாமல் அந்த மக்கள் எவ்வளவு கூசியிருப்பார்கள்!

ஒருவர்கூட இறக்கவில்லை என்பதுதான் வியப்பு. மலையில் பாறை மறைவுகளிலும் குகைகளிலும் ஒதுங்கிக்கொண்டார்கள். முன்னோர் காட்டிய இடங்கள். மண்ணுக்குள் மாசி இருந்தது.

அப்புயலில் ஏரிக்கும் கடலுக்கும் இடையே இருந்த மணல்திட்டு உடைந்து, தே ரோட்டோவில் உப்புநீர் புகுந்துவிட்டது. ஏரிக்கரைக் கிழங்குப் பயிரும் நன்னீர் மீனும் கெட்டன. சில ஆண்டுகளுக்குப் பின், 2006இல், பாய்மரப் படகுகளில் உலகம் சுற்றும் வெளிநாட்டார் சிலரும் தீவு மக்களும் சேர்ந்து அந்த உடைப்பை அடைத்தார்கள். கம்பி வலைக் கூடுகளில் கல்லை நிரப்பி அடுக்கினார்கள் என்று படித்தேன். வந்தவர்களின் பெயரும் நாடும் என் நினைவில் தங்கவில்லை. கல் சுமந்தார்கள் என்பது தங்கியிருக்கிறது. தீவுக்கு வந்த எத்தனையோ பேரில், அந்த லஸ்கருக்குப் பக்கத்தில் உட்காரவைக்கத் தகுந்தவர்கள் என்று நான் இவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

என் மாணவன் வீட்டுக் கதையில் ஒரு மிச்சம் உண்டு. அடுத்த ஆண்டு அவ்வூருக்குச் செல்ல நேர்ந்தபோது, சந்தையில் இரண்டு நல்ல பெட்டைக் கோழிகளை வாங்கிக் கூடையில் வைத்து எடுத்துச் சென்றேன். ஒருவேளைக்கு மேல் தங்குவதில்லை என்ற தீர்மானத்தோடுதான் படியேறினேன். அந்த உம்மா கூடையை வாங்கி உள்ளே வைத்தார்கள். சிறுமி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். மனம் லேசாகிப் பள்ளிக்குச் சென்று லுஹரைத் தொழுது திரும்பினால், அவற்றில் ஒன்று ஆணமாகி என் முன்னால் வந்து நின்றது.